ஈரநிலத்துக்காக எழுத 30 நாள்

நேயர்களுக்கு வணக்கம்.

மக்கள் திரண்டு காட்டைக் காத்த கதை என்றால் நம் இலங்கையில் முதலில் சிங்கராஜ மழைக்காட்டைத்தான் சொல்வார்கள். 1970களில் ஒட்டுப்பலகைக்காக அங்கே இயந்திரங்களைக் கொண்டுபோய் மரம் வெட்டினார்கள். பொதுமக்களும் இயற்கை ஆர்வலர்களும் விடாமல் எதிர்த்ததால் அது நின்றது. 1988இல் அந்தக் காடு உலக மரபுரிமைத் தலமானது.

சரி, கொழும்பில் இருக்கும் எங்களுக்குக் காடு எங்கே என்று கேட்பீர்கள். பெத்தகான, தலவத்துகொட, பெல்லன்வில-அத்திடிய பக்கம் ஒரு காலை நேரம் போய்ப் பாருங்கள். தண்ணீரும் புதரும் மரமுமாகக் கிடக்கிற அந்த ஈரநிலங்கள்தான் நம் காடு. மீன்பிடிப் பூனை இந்த நகரத்துக்குள்ளேயே வாழ்கிறது என்பது இங்கே பிறந்து வளர்ந்த பலருக்கும் தெரியாது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரத்தை உலகில் முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று.

மழைநீர் தங்கி நின்று மெதுவாக வடிவதற்கு இந்த நிலம் வேண்டும். அதை மண் போட்டு நிரப்பினால் அந்த நீர் வீட்டுக்குள்தான் வரும். 2010 நவம்பர் மழையில் பாராளுமன்ற வளாகமே வெள்ளத்தில் நின்றது. 2016 மே மாதம் கொலன்னாவை, வெல்லம்பிட்டி மக்கள் பட்ட பாடு உங்களில் பலருக்கு நேரடி அனுபவம்.

கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மீதொட்டமுல்லையை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறுவதில்லை. குப்பை மேட்டை அகற்றுங்கள் என்று அங்கிருந்தவர்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அது சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆபத்தை முதலில் கண்டதும் சொன்னதும் பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான்.

அப்படிப் பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 4 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் 10 ஏக்கருக்கு மேல், ஈரநிலத்தை நிரப்பும் திட்டம் தேசிய சுற்றாடல் சட்டத்தின் அனுமதி இல்லாமல் நடக்க முடியாது. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானால், வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரவேண்டும். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் கருத்து எழுதலாம். தமிழ்ப் பத்திரிகையில் வரும் அந்தச் சின்ன அறிவித்தலை நம்மில் எத்தனை பேர் வாசிக்கிறோம்? பொறியியலாளர் மட்டும்தான் எழுதலாம் என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறோம். எந்த ஒழுங்கையில் எந்த மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் வந்தது, எந்தக் கால்வாய் எப்போது அடைபட்டது என்பதெல்லாம் வேறு யாரையும்விட அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும். அதை எழுதுங்கள். தாராளமாகத் தமிழிலேயே எழுதுங்கள்.

இரவோடு இரவாக டிப்பரில் மண் கொண்டுவந்து கொட்டும் சிறு நிரப்பல்களுக்கு அறிவித்தல் எதுவும் வராது. அங்கே அயலவர்கள் சேர்ந்துதான் பார்க்கவேண்டும். இடம், திகதி, நேரத்தோடு படம் எடுத்து, நாலைந்து வீட்டார் ஒன்றாகக் கையெழுத்திட்டு, கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் யாராவது கடிதமே வரவில்லை என்றால் காட்டுவதற்கு அது வேண்டும்.

நன்றி, வணக்கம்.