வழி கேட்க ஆளில்லாத ஊர்

(காட்சி: போரில் இடிந்த வில்னியூஸ் நகரின் கறுப்பு வெள்ளைப் படம்)

இரண்டாம் உலகப் போர் முடிந்த புதிது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள். வகுப்பு முடிந்து ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வீட்டுக்குக் கிளம்புகிறான். எங்கே பார்த்தாலும் இடிபாடு. வழி தவறிவிடுகிறது. யாரிடமாவது கேட்கலாமென்றால், அவன் பேசும் லித்துவேனிய மொழி தெரிந்த ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை.

இத்தனைக்கும் அது லித்துவேனியாவின் தலைநகர். ஆனால் போருக்கு முன்பு அங்கே அதிகம் வாழ்ந்தவர்கள் போலந்துக்காரர்களும் யூதர்களும். யூதர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

அந்தப் பையன்தான் கவிஞர் தோமாஸ் வென்ட்ஸ்லோவா. பிறந்தது 1937-இல், லித்துவேனியத் துறைமுக நகரமான கிளைபேடாவில்.

(காட்சி: தந்தையின் படம்)

அப்பா அந்தானாஸ் வென்ட்ஸ்லோவாவும் கவிஞர்தான். அப்போது சோவியத் ஒன்றியத்தின் பிடியில் இருந்த லித்துவேனியாவின் கீதத்துக்கு வரிகள் எழுதியவர். அந்த வீட்டுப் பிள்ளை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் சகல வசதியோடும் வாழ்ந்திருக்கலாம். அவரால் முடியவில்லை. 1956-இல் ஹங்கேரி எழுச்சியை சோவியத் டாங்குகள் நசுக்கியபோதே நம்பிக்கை விட்டுப்போயிற்று. 1972-இல் ஒரு கவிதைத் தொகுப்பு வந்தது. மற்றபடி மொழிபெயர்ப்புதான் பிழைப்பு.

1975 மே மாதம் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவுக்கே ஒரு கடிதம் எழுதினார். உங்கள் கொள்கை எனக்கு அந்நியமானது, பெரும்பாலும் பொய்யானது, என்னை வெளிநாடு போக விடுங்கள் என்று கேட்டார். கீதம் எழுதியவரின் மகன், கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம்! படிக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

அதோடு நிற்கவில்லை. ஹெல்சிங்கி ஒப்பந்தத்தில் மனித உரிமைகளை மதிப்பதாக சோவியத் அரசு கையெழுத்திட்டிருந்தது. 1976 டிசம்பரில், அதன் மீறல்களை அம்பலப்படுத்த லித்துவேனிய ஹெல்சிங்கி குழுவை ஐந்து பேர் தொடங்கினார்கள். அவர்களில் இவரும் ஒருவர். அடுத்த மாதமே நாட்டை விட்டு வெளியேறினார். சில மாதங்களில் குடியுரிமை பறிபோனது. அந்த ஐவரில் இன்னொருவரான விக்தோராஸ் பெட்கஸுக்குக் கிடைத்தது நீண்ட சிறைவாசம்.

(காட்சி: யேல் பல்கலைக்கழகம்)

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ரஷ்ய இலக்கியம் கற்பித்தார். கட்டுரைகளைப் பல மொழிகளில் எழுதினார். கவிதை மட்டும் லித்துவேனிய மொழியில்தான். புதுக்கவிதை கோலோச்சிய காலத்திலும் யாப்பையும் எதுகையையும் அவர் கைவிடவில்லை. ரஷ்யக் கவிஞர் ஜோசப் பிராட்ஸ்கி லித்துவேனியாவைப் பற்றிய தம் கவிதைகளை இவருக்குத்தான் சமர்ப்பித்தார்.

போலந்துக் கவிஞர் செஸ்லாவ் மிவோஷும் இவரும் வில்னியூஸைப் பற்றி எழுதிக்கொண்ட கடிதங்கள் ஒரு பொக்கிஷம். ஒரே ஊர், அவருக்கு அது வில்னோ, இவருக்கு வில்னியூஸ். இரண்டு நாடுகளும் உரிமை கொண்டாடிய ஊரை இரண்டு நண்பர்கள் சண்டையில்லாமல் பகிர்ந்துகொள்கிறார்கள். வழி தெரியாமல் அலைந்த அந்த நாளை வென்ட்ஸ்லோவா நினைவுகூர்வதும் அதில்தான்.

யூதப் படுகொலையில் லித்துவேனியர்களுக்கும் பங்குண்டு என்று 1970-களிலேயே எழுதினார். சொந்த மக்களிடமே வசை வாங்கினார், சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. என் பார்வையில், கட்சிக்கு எழுதிய கடிதத்தைவிட இதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டும்.

(காட்சி: இன்றைய வில்னியூஸ் தெரு)

2018-இல் வில்னியூஸுக்கே குடிவந்தார். அதற்கும் பல ஆண்டுகள் முன்பே, அந்த ஊருக்கு வருகிறவர்கள் கையில் எடுத்துக்கொண்டு சுற்ற ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதிவைத்திருந்தார்.