இனிப்பு போகும் வழி

வணக்கம் நேயர்களே. காபியில் சர்க்கரைக்குப் பதிலாக இனிப்பு மாத்திரை போடுகிறவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். அதை விடச் சொல்ல நான் வரவில்லை, சர்க்கரை நோயாளிக்கு அது தேவைதான். குடித்தபின் அது எங்கே போகிறது என்பதுதான் பல வருடமாக என் கவலை.

சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பை உதாரணத்துக்குப் பார்ப்போம். சர்க்கரையைவிட சுமார் 600 மடங்கு இனிப்பு. நம் உடம்பால் அதைச் சிதைக்க முடியாது, அதனால்தான் கலோரி ஏறுவதில்லை. ஆனால் சிதையாதது என்றால் என்ன அர்த்தம்? உள்ளே போனபடியே பெரும்பகுதி வெளியே வந்து, சாக்கடைக்குப் போய், சுத்திகரிப்பு நிலையத்தையும் தாண்டி ஆற்றில் கலக்கிறது. சுவிட்சர்லாந்தில் 2009-இல் அசெசல்ஃபேம் என்ற இன்னொரு இனிப்பை ஏரியில், நிலத்தடி நீரில், குழாய்த் தண்ணீரில்கூடக் கண்டுபிடித்தார்கள். நிலத்தடி நீரில் கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க இப்போது அதையே அடையாளமாக வைத்துக்கொள்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு சம்பவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில், பிலடெல்பியாவில், ஒரு பேராசிரியரின் பையன் ஆறாம் வகுப்பு அறிவியல் கண்காட்சிக்காகப் பழ ஈக்களுக்கு வெவ்வேறு இனிப்புகளைக் கொடுத்துப் பார்த்தான். வாழைப்பழத்தை வைத்தால் மொய்க்குமே, அந்தக் குட்டி ஈதான். ஒரு இனிப்பைத் தின்ற ஈக்கள் மட்டும் சீக்கிரமே செத்துப்போயின. அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை, சரி, நம் ஆய்வகத்திலேயே செய்து பார்க்கலாம் என்றார். அங்கேயும் அதேதான்! மற்ற ஈக்கள் சராசரியாக 38 நாளுக்கு மேல் உயிரோடு இருக்க, இவை 6 நாள்கூடத் தாண்டவில்லை. அவை தின்ற இனிப்பில் இருந்தது எரித்ரிடால், சர்க்கரைக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு பொருள். பக்கத்தில் நல்ல சர்க்கரையை வைத்தாலும் அதை விடாமல் தின்றன என்பதுதான் என்னை உலுக்கியது. 2014-இல் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகம் இதை வெளியிட்டது. மனிதர்கள் சாப்பிடுவதுதான் எரித்ரிடால், ஆனால் ஈக்கு விஷம். நமக்கு ஒத்துக்கொண்டது எல்லா உயிருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நாம் எப்படி முடிவு கட்டுவது?

அப்புறம், நீர்த்தெள்ளு. குளத்துத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், துள்ளித் துள்ளி நீந்தும் புள்ளிகள் தெரியும். சுக்ரலோஸ் கலந்த நீரில் அவை சாகவில்லை. ஆனால் நீந்தும் விதமும் வேகமும் மாறுவதை 2012-இல் சுவீடன் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். மீன்குஞ்சுக்கு இரை அதுதான், அதன் நடமாட்டம் மாறுவது சின்ன விஷயமில்லை.

செடிகளைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். குளத்தில் பச்சைப் போர்வையாக மிதக்கும் பொடி இலைச் செடியைச் சோதித்ததில், ஆற்றில் இருக்கும் அளவுக்கு சுக்ரலோஸ் அதை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் புளோரிடாவில் சதுப்பு நிலத் தண்ணீரில் சுக்ரலோஸைக் கலந்தபோது நீலப்பச்சைப் பாசி அதிகமானது. மீதியை இன்னொரு நாள் பேசலாம். வணக்கம்.