பெயர் தெரியாத புளோரின்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆற்று நீரிலும் நிலத்தடி நீரிலும் புளோரின் சேர்மங்களைத் தேடுவது என் வேலை என்று சொன்னால், "பற்பசையில் இருப்பதுதானே?" என்று கேட்பார்கள். அது ஃப்ளோரைடு, அதன் கதை வேறு. நான் தேடுவது கார்பனோடு பிணைந்த புளோரினை. ஒட்டாத வாணலியின் பூச்சு, நீர் புகாத துணி, எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை என்று பலவற்றுக்கும் கைகொடுப்பது அந்தப் பிணைப்பின் உறுதிதான். ஆற்றில் கலந்த பிறகும் அந்த உறுதி தளர்வதில்லை. நுண்ணுயிர்கள் கடித்துப் பார்த்துவிட்டு விலகிப் போய்விடுகின்றன.

இத்தகைய சேர்மங்களில் பெயர்பெற்றவை இரண்டு: பி.எஃப்.ஓ.எஸ்., பி.எஃப்.ஓ.ஏ. சிதையாமல் நிலைத்திருக்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் முன்னது 2009இலும் பின்னது 2019இலும் ஏறின. தொழிற்சாலைகள் சும்மா இருக்குமா? மூலக்கூறின் வாலைக் கொஞ்சம் நறுக்கி, நடுவே ஓர் ஆக்சிஜனைச் செருகினால் புதிய பொருள் தயார். அதன் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

வழக்கமான சோதனை இங்கேதான் ஏமாந்து போகிறது. நிறை நிறமாலைமானி என்பது மூலக்கூறுகளை எடைபோடும் கருவி. "413 எடையில் ஏதாவது வந்தால் உடைத்துப் பார், 369 எடையில் துண்டு கிடைத்தால் அது பி.எஃப்.ஓ.ஏ." என்று அதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்கிறோம். சொல்லாத எதையும் அது கண்டுகொள்ளாது.

பெயரே தெரியாத ஒன்றை எப்படித் தேடுவது? புளோரினே ஒரு தடயம் தருகிறது. ஹைட்ரஜன் அணுவின் எடை 1.0078, முழு எண்ணைவிடச் சற்று அதிகம். புளோரினுடையது 18.9984, முழு எண்ணைவிடச் சற்றுக் குறைவு. ஹைட்ரஜன் நிறைந்த சாதாரணக் கரிம மூலக்கூறு 413க்கு அருகில் வந்தால் அதன் எடை 413.2 என்பதுபோல் இருக்கும். பி.எஃப்.ஓ.ஏ. அயனியோ 412.966இல் நிற்கும். நான்கு தசம இடம்வரை எடைபோடும் கருவி இருந்தால், கூட்டத்திலிருந்து புளோரின்காரர்களைத் தனியே பிரித்துவிடலாம். அதோடு, ஒரு கார்பனும் இரண்டு புளோரினும் சேர்ந்த அலகின் எடை 49.9968. ஏறத்தாழ 363, 413, 463 என்று இந்த இடைவெளியில் கருவியின் திரையில் சிகரங்கள், அதாவது அந்தந்த எடைக்கு எழும் கூர்முனைகள், வரிசைகட்டி நின்றால், அது ஒரே குடும்பம்.

அமெரிக்காவின் வட கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்றில் இப்படித்தான் பிடிபட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த மார்க் ஸ்ட்ரைனர், ஆண்ட்ரூ லிண்ட்ஸ்ட்ராம் ஆகியோரின் குழு அந்த ஆற்று நீரை ஆராய்ந்து, ஆலைக் கழிவோடு வந்த புதிய புளோரின் அமிலங்களை 2015இல் அறிவித்தது. பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு மாற்றாக வந்த 'ஜென்எக்ஸ்' அவற்றில் ஒன்று. அந்த ஆற்று நீரைக் குடித்துவந்த வில்மிங்டன் நகர மக்களுக்குச் செய்தித்தாள் வழியாக விஷயம் எட்டியது 2017இல். ஆலைக்குத் தன் கழிவில் என்ன இருக்கிறது என்று தெரியும். ஆய்வாளர் மட்டும் அதை விடுகதைபோல் அவிழ்க்க வேண்டும் என்பது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை.

நாங்கள் தேடும் அளவையும் சொல்லிவிடுகிறேன். பி.எஃப்.ஓ.ஏ.வுக்குக் குடிநீரில் அமெரிக்கா 2024இல் விதித்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். 25 லட்சம் லிட்டர் கொள்ளும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 10 மில்லிகிராம் கரைந்தாலே அந்த வரம்பு எட்டிவிடும். எனவே நீர் எடுக்கப் போகிறவர் மழை அங்கி அணியக்கூடாது, அதன் பூச்சே மாதிரியைக் கெடுத்துவிடும். ஒருமுறை வெறும் தூய நீரை ஓட்டியபோதே திரையில் சிகரம் எழுந்தது. மூன்று நாள் புட்டிகளைச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், கருவிக்குள்ளே டெஃப்லான் குழாய், அதுவும் புளோரின் பிளாஸ்டிக்தான்!

எடையை வைத்து மூலக்கூறு வாய்பாட்டை, அதாவது எந்த அணு எத்தனை என்பதை, ஊகிக்கலாம். ஆனால் 'இதுதான்' என்று உறுதிசெய்ய அதே பொருளின் தூய மாதிரி வேண்டும். புதியவற்றில் பலவற்றுக்கு அது விற்பனையிலேயே கிடையாது. ஆகவே அடையாளம் தெரியாத சிகரங்களை எண்களாகவே சேமித்துவைக்கிறோம்.

அண்மையில் ஒரு புதிய பொருளின் தூய மாதிரி கைக்கு வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் பதிந்த கோப்பு ஒன்றைத் திறந்து ஒப்பிட்டேன். சிகரம் அங்கேயே நின்றிருந்தது. அந்த நீருக்கான அன்றைய அறிக்கையில் எல்லாப் பொருளுக்கும் நேராக 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. கீழே என் கையெழுத்து.