சளி நிற்க வேண்டுமா, நகர வேண்டுமா?

அவையோருக்கு வணக்கம்.

மருந்துக்கடையில் தினமும் காதில் விழும் வார்த்தை: "சளி நிக்கிறதுக்கு ஏதாவது குடுங்க." அந்த "நிக்கிறதுக்கு" என்ற சொல்லைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறேன். மூச்சுக்குழலில் சளி நின்றுவிட்டால் அதுதான் நோய். அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூச்சுக்குழலின் உட்சுவரில் இரண்டு வகைச் செல்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று குற்றிழைச் செல். அதன் தலையில் ஏறத்தாழ 200 மெல்லிய இழைகள் நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை துடித்துச் சளியை மேலே தள்ளுகின்றன. இன்னொன்று கோப்பைச் செல். அடி குறுகி மேல் அகன்று, மது ஊற்றும் கிண்ணம்போல இருப்பதால் அந்தப் பெயர். சளியைச் செய்வது இதுவும், சுவருக்குள் ஆழமாக இருக்கும் சளிச்சுரப்பிகளும். நல்ல சளியில் நூற்றுக்கு 97, 98 பங்கு தண்ணீர். அதற்குப் பிசுபிசுப்பைத் தருவது மியூசின் என்ற மிக நீண்ட புரதம். அதில் 5ஏசி, 5பி என இரண்டு முக்கியம். 5பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகள் நுரையீரல் தொற்றில் மடிந்தன என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே சளியை அடியோடு ஒழிக்கும் மருந்தை யாரும் கேட்க வேண்டாம்.

கோப்பைச் செல்லுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். மியூசின் சுருண்டு மடிந்து, கால்சியத்தால் இறுக்கிக் கட்டப்பட்டு, நுண்ணிய உருண்டைகளாக அடுக்கப்பட்டிருக்கிறது. புகையோ தூசியோ கிருமியோ பட்டதும் அக்கம்பக்கத்துச் செல்கள் ஏடிபி என்ற மூலக்கூறை வெளியே கசியவிடுகின்றன. கோப்பைச் செல்லின் மேற்பரப்பில் அதை உணரும் ஏற்பி இருக்கிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, உருண்டை வெளிச்சவ்வோடு ஒட்டித் திறக்கிறது. வெளியே வந்த மியூசின் தண்ணீரைக் குடித்துச் சில நொடிகளில் நூறு மடங்குக்கு மேல் உப்புகிறது. ஊறவைத்த சப்ஜா விதையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் போதிய தண்ணீரும், கால்சியக் கட்டை அவிழ்க்கப் பைகார்பனேட்டும் இல்லாவிட்டால் மியூசின் விரியாது. பசைபோலச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோயில் நடப்பது இதுதான்.

இது நொடிக் கணக்கு. வாரக் கணக்கில் நடப்பது வேறு. எரிச்சல் தொடர்ந்தால் செல் தன் வேலையையே மாற்றிக்கொள்கிறது. சிகரெட் புகை, இஜிஎஃப்ஆர் என்ற ஏற்பி வழியாக 5ஏசி உற்பத்தியை முடுக்குகிறது. ஒவ்வாமை ஆஸ்துமாவில் அதே வேலையை இன்டர்லூக்கின் 13 என்ற அழற்சித் தூதுப் புரதம் செய்கிறது. கோப்பைச் செல்கள் அரிதாக இருக்கும் சிறு குழல்களில்கூட அவை முளைத்துவிடுகின்றன. சுரப்பிகளும் பருக்கின்றன. 1960இல் நோயியல் அறிஞர் லின் ரீட் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்: மூச்சுக்குழலின் உட்படலத்துக்கும் குருத்தெலும்புக்கும் இடைப்பட்ட தடிப்பில் சுரப்பி எவ்வளவு என்ற விகிதம். சாதாரணமாக அது 0.4க்குள் இருக்கும். நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சியில் 0.5ஐத் தாண்டும்.

புகை மூன்று பக்கமும் அடிக்கிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மியூசினைக் கூட்டுகிறது. செல்லிலிருந்து குளோரைடு வெளியேறும் வாயிலை முடக்கித் தண்ணீரைக் குறைக்கிறது. குற்றிழைகளைக் குட்டையாக்குகிறது. சரக்கு கூடி, சாலை காய்ந்து, வண்டி பழுதானால் என்ன ஆகும்? விறகடுப்புப் புகையும் மூச்சுக்குழலைச் சும்மா விடுவதில்லை. பீடியைத் தொடாத பெண்களுக்கும் நாட்பட்ட இருமலும் சளியும் வருவது அதனால்தான்.

இனி மருந்துகள். எந்த மருந்து எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ப்ரோம்ஹெக்சினை முதலில் சொல்கிறேன், அது நம் ஆடாதோடையின் வாரிசு. அந்த இலையிலுள்ள வாசிசினை முன்மாதிரியாக வைத்துச் செய்த மருந்து அது. உடலுக்குள் ஆம்ப்ராக்சாலாக மாறுகிறது. சுரப்பிகளின் நீர்த்த சுரப்பைக் கூட்டிச் சளியை இளக்குகிறது. அசிட்டைல்சிஸ்டைன் மியூசின் இழைகளைக் கோத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை வெட்டுகிறது. மாத்திரையாக விழுங்கினால் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலும் உருமாறிப்போகும். நெபுலைசரில் நேரே கொடுத்தால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுக்குழல் இறுகிவிடலாம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்கு 7 சதவீத உப்புநீர் நெபுலைசர் தருவார்கள். ஒரு தடவைக்கு 4 மில்லி, நாளைக்கு இரண்டு தடவை. உப்பு தண்ணீரை இழுத்துச் சளியை நனைக்கிறது. முதல் தடவை மருத்துவமனையில், மூச்சளவு பார்த்துத்தான் தர வேண்டும். முன்னதாக மூச்சுக்குழலைத் தளர்த்தும் சால்ப்யூட்டமால் உறிஞ்ச வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு இறுகும். முடிந்ததும் சும்மா படுக்கக் கூடாது. நடுத்தர மூச்சு இழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல 'ஹா' என்று வேகமாக விட வேண்டும். இளகிய சளி அப்போதுதான் மேலே வரும்.

அதே நோய்க்கு உதவும் டார்னேஸ் ஆல்ஃபா, சளியில் கலந்த டிஎன்ஏவை வெட்டுகிறது. மற்றக் காரணங்களால் மூச்சுக்குழல் நிரந்தரமாக விரிந்து கெட்டவர்களுக்கு அதைக் கொடுத்தபோது நிலைமை மோசமாயிற்று. சளி என்ற பெயர் ஒன்றுதான். எந்தச் சளி என்பதைப் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது.

சுரப்பிகள், மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பின் பேச்சைக் கேட்பவை. அட்ரோப்பின் அதை அடக்கிச் சுரப்பைக் குறைக்கும், குற்றிழையையும் தளர்த்தும். தூக்கம் வரவழைக்கும் பழைய ஒவ்வாமை மருந்துகளுக்கும் இந்த உலர்த்தும் குணம் உண்டு. இளக்கும் மருந்தையும் உலர்த்தும் மருந்தையும் இருமலை அடக்கும் மருந்தையும் ஒரே சிரப்பில் கலந்து விற்பது எனக்கு ஏற்புடையதல்ல. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. இளகிய சளியை இருமி வெளியேற்றும் பலம் அதற்கு இல்லை. அந்த வயதில் சளியிளக்கிகளை பிரான்ஸ் 2010இல் தடை செய்தது.

செல்லின் மனத்தையே மாற்ற முடியாதா? இஜிஎஃப்ஆரை அடைக்கும் உறிஞ்சு மருந்தைப் புகைபிடித்து நுரையீரல் கெட்டவர்களிடம் சோதித்தார்கள். மியூசின் இருப்பு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் வந்தன. இன்டர்லூக்கின் 4, 13 இரண்டின் வழியையும் அடைக்கும் டுபிலுமாப் ஊசி, ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மிகுந்த நோயாளிகளுக்குப் பலன் தருகிறது. எல்லோருக்கும் அல்ல.

புகையை விட்டவர்களுக்கு ஒரு செய்தி. முதல் சில வாரங்கள் சிலருக்கு இருமலும் சளியும் கூடும். குற்றிழைகள் மறுபடி வேலை தொடங்கித் தேங்கியதை மேலே தள்ளுவதாகவே அதைக் கருதுகிறார்கள். "பீடி பிடிச்சப்போ நல்லாத்தானே இருந்தேன்" என்று பலர் திரும்பிப்போவது அந்த வாரங்களில்தான். அப்போது இருமலை அடக்கும் சிரப்பை வாங்காதீர்கள். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ இரத்தமோ வந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள்.