பெயரை இழக்கத் துணிந்த ஒயின்

அவையோருக்கு வணக்கம்.

1385-ல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்து ஒயின் வணிகர் சங்கத்தில் ஜியோவன்னி தி பியெரோ அன்டினோரி என்பவர் சேர்ந்தார். அந்தத் தொழிலை அவருடைய வம்சம் இன்றுவரை விடவில்லை. இப்போது நடப்பது இருபத்தாறாவது தலைமுறை. 1506-ல் வாங்கிய மாளிகையும் அவர்களிடம்தான் இருக்கிறது. அதன் சுவரில் ஒரு குடுவை நுழையும் அளவுக்குச் சின்ன ஜன்னல் உண்டு. தோட்டத்து ஒயினை அந்தக் காலத்தில் அதன் வழியாகத்தான் தெருவுக்கு விற்றார்கள்.

சரி, தொன்மையைப் பற்றி இவ்வளவு போதும். இந்தக் குடும்பத்தை நான் மதிக்கும் காரணம் வேறு.

1966-ல் பொறுப்பேற்றபோது பியெரோ அன்டினோரிக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. மறு ஆண்டே அந்த வட்டாரத்துச் சிவப்பு ஒயினான கியான்டிக்கு அரசு விதிகள் வந்தன. சாஞ்சோவேசே என்னும் கறுப்புத் திராட்சையோடு குறைந்தது பத்து சதவீதம் வெள்ளைத் திராட்சை சேர்த்தே ஆக வேண்டும். அப்படிச் சேர்த்தால் ஒயின் சீக்கிரம் குடிக்கத் தோதாகும். ஆனால் நிறம் வெளிறும், பல ஆண்டு முதிரும் வலு குறையும். தங்கள் நிலத்துக்கு விதி கெடுதல் செய்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

தியன்யானெல்லோ என்ற அவர்களுடைய தோட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 350 முதல் 400 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த சரிவில் இருக்கிறது. பகலில் நல்ல வெயில், இரவில் குளிர். பழம் நிதானமாகப் பழுக்கும், புளிப்பும் குறையாது. அந்த ஒரே தோட்டத்துப் பழத்தைத் தனியாகப் பிழிந்து, ஜாகமோ தாகிஸ் என்ற ஒயின் வல்லுநரின் துணையோடு சிறிய ஓக் பீப்பாய்களில் முதிர வைத்தார் பியெரோ. 1970 அறுவடை கியான்டி என்ற பெயரில்தான் வெளிவந்தது. 1971 முதல் தோட்டத்தின் பெயரே ஒயினின் பெயராயிற்று. 1975-ல் வெள்ளைத் திராட்சை அறவே நின்றது. சாஞ்சோவேசேயோடு கேபர்னே என்னும் பிரெஞ்சுக் கறுப்புத் திராட்சை சேர்ந்தது.

விளைவு என்ன தெரியுமா? விதிப்படி இது கியான்டி இல்லை. லேபிளில் வெறும் 'மேசை ஒயின்' என்றுதான் போட முடிந்தது, மலிவான ஒயினுக்கு உரிய அதே வகை. ஆறு நூற்றாண்டுப் பெயருள்ள குடும்பம் தன் சிறந்த ஒயினைக் கடைசி வரிசையில் வைக்கச் சம்மதித்ததே, அதைத்தான் நான் பாரம்பரியம் என்பேன். முன்னோர் செய்முறையை அப்படியே காப்பதை விட, அவர்கள் விட்டுப்போன மண்ணுக்கு எது பொருந்தும் என்று பார்த்தார்கள்.

அப்புறம் விதிதான் இறங்கி வந்தது. கியான்டியின் பழைய மையப் பகுதியான கியான்டி கிளாசிகோவில் 2006 அறுவடையிலிருந்து வெள்ளைத் திராட்சைக்கே தடை. இன்று தியன்யானெல்லோவில் சாஞ்சோவேசே ஏறத்தாழ 80 சதவீதம், மீதி கேபர்னே. திராட்சைக் கலவையைப் பொறுத்தவரை கியான்டி கிளாசிகோ என்று போட்டுக்கொள்ளத் தடையில்லை. பியெரோவின் மூன்று மகள்கள் தொழிலுக்கு வந்த பிறகும் அந்தப் பெயரை அவர்கள் திரும்பக் கேட்கவில்லை.