லண்டன் தீயணைப்பு வண்டிகளும் இரண்டு பவுண்டும்

எல்லோருக்கும் வணக்கம். தீத்தொண்டு வாரத்தில் பேசக் கூப்பிட்டவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். "சிலிண்டரை எப்படி மூடுவது, சேலையில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் நேற்றே சொல்லிவிட்டார்கள். நீங்கள் வேறு ஏதாவது பேசுங்கள்" என்றார்கள். சரி, வண்டியைப் பற்றிப் பேசுகிறேன். அதுவும் லண்டன் வண்டியைப் பற்றி.

ஒரு நகரத்துத் தீயணைப்புத் துறை, வழக்கமாக வாங்கும் கம்பெனியை விட்டுவிட்டு இன்னொரு கம்பெனியிடம் வண்டி வாங்குகிறது. பேப்பரில் படம் வரும். பளபளவென்று சிவப்பு வண்டி, முன்னால் நாலு பெரிய மனிதர்கள். படம் எடுத்தவர்கள் போன பிறகுதான் ஸ்டேஷனில் வேலை ஆரம்பிக்கும். பம்ப் ஓட்டுகிறவரின் கை இருபது வருஷப் பழக்கத்தில் வால்வைத் தேடி இடது பக்கம் போகும். புது வண்டியில் அது வலது பக்கம் இருக்கும். ஹோஸ் எந்த ஷட்டருக்குப் பின்னால், மூச்சுக் கருவி எந்த அறையில் என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும். அது கைக்கு வருகிற வரைக்கும் அது அவர்கள் வண்டி இல்லை.

லண்டனில் இந்த மாற்றம் பல தடவை நடந்திருக்கிறது. முதல் பெரிய மாற்றம் நீராவி. அதற்கு முன்னால் கையால் அடிக்கிற பம்ப்தான். இரண்டு பக்கமும் நீளக் கம்பு, ஒவ்வொரு பக்கமும் வரிசையாக ஆட்கள், ஏற்ற இறக்கமாக அடிப்பார்கள். அவ்வளவு பேர் படையில் இல்லை. தெருவில் வேடிக்கை பார்க்க நின்றவர்களைத்தான் கூப்பிட்டார்கள். முதல் மணி நேரத்துக்கு ஒரு ஷில்லிங், அதற்கு மேல் மணிக்கு ஆறு பென்ஸ், அதாவது அரை ஷில்லிங், கூடவே பீர். கிளாஸ் காலியானால் "பீர், ஓ!" என்று தாளம் தப்பாமல் கத்துவார்களாம். 1829-லேயே ஜான் பிரெய்த்வெயிட் என்பவர் லண்டனில் நீராவியில் ஓடும் தீயணைப்பு பம்ப் செய்து காட்டிவிட்டார். அது ஊரின் அன்றாட வேலைக்கு வந்துசேர முப்பது வருஷம் பிடித்தது.

அதன்பின் நீராவி பம்ப் செய்கிற இரண்டு கம்பெனிகளின் மல்லுக்கட்டு. ஒன்று ஷாண்ட் மேசன், இன்னொன்று மெர்ரிவெதர். 1863-ல் கிரிஸ்டல் பேலஸில் போட்டி வைத்தார்கள். நடுவர் குழுவின் தலைவர் சதர்லாண்ட் பிரபு. பெரிய வண்டிகளில் முதல் பரிசு வாங்கிய மெர்ரிவெதர் வண்டியின் பெயரும் சதர்லாண்ட். நான் எதுவும் சொல்லவில்லை.

நான் அதிகம் சொல்ல நினைப்பது அடுத்த மாற்றத்தைத்தான். கில்ஃபோர்ட் ஊரில் ஜான், ரேமண்ட் என்று டென்னிஸ் சகோதரர்கள் இருவர். சைக்கிளில் தொடங்கி மோட்டாருக்கு வந்தவர்கள். 1908-ல் பிராட்ஃபோர்ட் நகரத்துக்கு முதல் தீயணைப்பு வண்டி செய்து கொடுத்தார்கள். பிறகு லண்டனும் அவர்களிடம் வாங்கத் தொடங்கியது. டென்னிஸ் வண்டியில் புதுசாக இருந்தது, பெட்ரோல் எஞ்சினோடு, உள்ளே சக்கரம் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சுழல் பம்ப். அதுவரை பம்ப் என்றால் முன்னும் பின்னும் போய்வந்து தள்ளும் பிஸ்டன். மெர்ரிவெதர் அதற்கப்புறமும் ரொம்ப நாள் பிஸ்டனை விடவில்லை.

இதில் என்ன வித்தியாசம் என்று கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். பிஸ்டன் பம்ப் காற்றையும் இழுக்கும், தண்ணீரையும் இழுக்கும். ஆற்றில் குழாயைப் போட்டு ஓட்டினால் தானாக மேலே ஏற்றிக்கொள்ளும். சுழல் பம்புக்குக் காற்றை இழுக்கத் தெரியாது. காற்று பிடித்துக்கொண்டால் மோட்டார் சும்மா சுற்றும், தண்ணீர் வராது. நாம் மேலே மூடியைத் திறந்து ஒரு குடம் ஊற்றுவோம் இல்லையா, அந்த வேலையைச் செய்யத் தீயணைப்பு வண்டியில் தனியாக ஒரு கருவி வைக்க வேண்டும். பழைய ஆள் ஒருவருக்கு இது எரிச்சலாகத்தான் இருந்திருக்கும். வீடு எரிகிறது, இவன் காற்றை வெளியேற்றிக்கொண்டிருக்கிறான்!

ஆனால் குழாய் முனையில் நிற்கிற ஆளைக் கேட்டால் வேறு பதில் வரும். அவர் உள்ளே போகும்போது சட்டென்று முனையை மூடுவார். பிஸ்டன் விடாமல் தள்ளும். அழுத்தத்தை வடிக்க வால்வு வழிவிடாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். சுழல் பம்ப், முனையை மூடினால், தண்ணீரை உள்ளேயே கடைந்துகொண்டு பொறுமையாக நிற்கும். தீக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு எது நல்லது என்று பார்த்துதான் பம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுழல் பம்ப் ஜெயித்தது. இன்று உலகம் முழுக்க அதுதான்.

டென்னிஸ் லண்டனின் முகமாகவே ஆகிவிட்டது. 1950-களின் எஃப்12 வண்டியில் எட்டு சிலிண்டர் ரோல்ஸ் ராய்ஸ் பெட்ரோல் எஞ்சின். முதலாளிகள் காரில் போவார்கள், இவர்கள் அதே பெயரோடு தீக்குப் போனார்கள். பின்னால் ஐம்பது அடி மர ஏணி, அதற்கு நம்ம மாட்டு வண்டிச் சக்கரம் போல இரண்டு பெரிய சக்கரம். வண்டி நிற்பதற்குள் ஆட்கள் குதித்து அந்த ஏணியைக் கழற்றிச் சுவரை நோக்கி உருட்டுவார்கள்.

பிறகு வோல்வோ வந்தது, திரும்ப டென்னிஸும் வந்தது. 2000-களில் மெர்சிடிஸ் அட்டேகோ. பழைய ஆட்கள் முகம் சுளித்ததில் நியாயம் உண்டு. டென்னிஸ் தீயணைப்புக்கென்றே சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், செய்த கம்பெனி. அட்டேகோ அடிப்படையில் சரக்கு லாரி. இருந்தாலும் நான் மெர்சிடிஸ் பக்கம்தான். ஆயிரக்கணக்கில் ஓடுகிற லாரிக்கு எந்த ஊரிலும் உதிரி பாகம் கிடைக்கும். சிறிய கம்பெனி மூடினால் உங்கள் வண்டி அநாதை. டென்னிஸ் 2007-ல் தீயணைப்பு வண்டி செய்வதையே நிறுத்திவிட்டது.

லண்டன் சறுக்கியது கம்பெனியை மாற்றியதில் அல்ல. 2001-ல் வண்டிகளையும் கருவிகளையும் அசெட்கோ என்ற தனியார் நிறுவனத்திடம் இருபது வருஷ ஒப்பந்தத்தில் கொடுத்தார்கள். வண்டி அவர்களுடையது, பராமரிப்பும் அவர்களுடையது, ஓட்டுவது மட்டும் படையினர். அந்த நிறுவனத்துக்குப் பணக் கஷ்டம் வந்தது. 2012-ல் லண்டன் வண்டிகளைப் பார்த்துக்கொண்ட அதன் கிளையை விற்றார்கள். விலை இரண்டு பவுண்டு. கடன், பொறுப்பு எல்லாம் சேர்ந்த கணக்கில் அந்த விலை வந்தது என்பார்கள், சரிதான். ஆனால் தலைநகரத்தின் சிவப்பு வண்டிகள் யார் கையில் இருக்கும் என்பதை ஒரு வியாபார பேரம் முடிவுசெய்தது. 2014-ல் பாப்காக் நிறுவனத்தோடு புது ஒப்பந்தம், இந்தத் தடவை 21 வருஷம்.

இன்னொரு ஏணிக் கதை சொல்லி முடிக்கிறேன். 2017 ஜூன் 14, கிரென்ஃபெல் டவர். 24 மாடி, 67 மீட்டர் உயரம். நாலாவது மாடியில் ஒரு சமையலறையில் பிடித்த தீ, வெளிச்சுவரில் ஒட்டிய, தீப்பற்றக்கூடிய தகடுகள் வழியாக உச்சி வரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் லண்டன் படையின் உயரமான ஏணி 32 மீட்டர். உயரமான கட்டடத்தில் தீ என்று தகவல் வந்தால் முதலில் கிளம்பும் வண்டிகளில் அந்த ஏணி வண்டிகூடச் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. 42 மீட்டர் எட்டும் வண்டி பக்கத்து சர்ரி மாவட்டத்திலிருந்து வர வேண்டியிருந்தது. ஏணி இருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், தகடுதான் முதல் குற்றவாளி. ஆனாலும் அதற்குப் பிறகு வழக்கத்தை மாற்றினார்கள், முதல் அழைப்பிலேயே ஏணி வண்டி கிளம்பியது. 2021-ல் 64 மீட்டர் ஏணி வண்டிகள் வரத் தொடங்கின. செய்தது ஜெர்மனியின் மாகிரஸ். அந்தக் கம்பெனியைத் தொடங்கிய கொன்ராட் மாகிரஸ், உல்ம் நகரத் தீயணைப்புப் படைக்குத் தலைமை தாங்கியவர். சக்கரம் வைத்த ஏணி ஒன்றை 1872-ல் உருவாக்கியவர் அவர்தான்.

புது ஏணிக்கு அகலமான தெருவும், தாங்கிகளை ஊன்றக் கெட்டியான தரையும் வேண்டும். அப்படிப்பட்ட இடம் எந்தெந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு ஸ்டேஷனும் தன் ஏரியாவில் நடந்துபோய்த்தான் பார்க்க வேண்டும். கேள்வி இருந்தால் கேளுங்கள்.