ஜிடிபியில் பின்னால் போகலாம், சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம்

வணக்கம். எழுத்து எல்லோருக்கும் தெரிகிறதா? போன வீடியோவில் சின்னதாக இருக்கிறது என்று பலர் சொன்னதால் பெரிதாக்கியிருக்கிறேன். இடது பக்கம் பதினேழே வரியில் ஒரு சி நிரல். வலது பக்கம் க்னூ டீபக்கர், அதாவது ஜிடிபி: நிரலை ஓட்டி, நிறுத்தி, உள்ளே பார்த்துப் பிழை தேட உதவும் கருவி.

இன்றைக்கு அதிலுள்ள ரிவர்ஸ் கட்டளைகளை, அதாவது நிரலைப் பின்னோக்கி நகர்த்தும் கட்டளைகளைச் சோதிக்கப் போகிறோம். ரிவர்ஸ்-ஸ்டெப், ரிவர்ஸ்-நெக்ஸ்ட், ரிவர்ஸ்-கன்டின்யூ, ரிவர்ஸ்-ஃபினிஷ். 2009 அக்டோபரில் வெளியான 7.0 பதிப்பிலிருந்தே இவை இருக்கின்றன. இருந்தும், பிழை நடந்த இடத்தைத் தாண்டிவிட்டால் நிரலை முதலிலிருந்து ஓட்டுகிறவர்கள்தான் இன்றும் அதிகம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். பின்னால் போகும் கட்டளையை நம்பாததுதான் காரணம். அது எங்கே போய் நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்று உட்கார்ந்து சோதித்துப் பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. அந்தச் சோதனையைத்தான் காட்டப் போகிறேன்.

முதலில் நிரலைப் பாருங்கள். 3ஆம் வரியில் ஒரு ஸ்ட்ரக்ட். அதற்குள் டேபிள் என்று நான்கு இடம் கொண்ட அரே, அதை ஒட்டியே டோட்டல் என்று ஒரு முழு எண். 5ஆம் வரியில் ஆட் என்ற ஃபங்ஷன். 7ஆம் வரி டேபிளின் ஐ-ஆவது இடத்தில் ஐ பெருக்கல் 10 என்று எழுதுகிறது. 8ஆம் வரி அதை டோட்டலோடு கூட்டுகிறது. 9இல் மூடும் அடைப்பு. மெயினில் 13ஆம் வரி ஒரு ஃபார் லூப், 14 ஆட்-ஐ அழைக்கிறது, 15 டோட்டலை அச்சிடுகிறது. 0, 10, 20, 30 சேர்ந்தால் 60 வர வேண்டும். ஓட்டினால் 80 வருகிறது. கண்ணால் பார்த்தே சிலர் கண்டுபிடித்திருப்பீர்கள். பரவாயில்லை, டீபக்கர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

மெயினில் பிரேக்பாயின்ட், அதாவது நிரல் வந்து நிற்க வேண்டிய இடக்குறி, வைத்து ரன் கொடுத்துவிட்டேன். 13ஆம் வரியில் நிற்கிறது. இங்கேயே முதல் சோதனை. எதையும் பதிவு செய்யாமல் ரிவர்ஸ்-ஸ்டெப் கொடுக்கிறேன். இந்தக் கட்டளைக்கு இங்கே ஆதரவு இல்லை என்று மறுத்துவிட்டது. மறுக்கத்தான் வேண்டும். பின்னால் போக ஒரு பதிவு இருக்க வேண்டும், அது இன்னும் இல்லை. தெளிவாக மறுக்கிறதா என்பதையும் சோதனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ரெகார்ட் என்று கொடுக்கிறேன். இனி ஒவ்வொரு எந்திரக் கட்டளையும் ஓடுவதற்கு முன்னால், அது மாற்றப் போகிற ரெஜிஸ்டர்களையும் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடங்கள்) நினைவக இடங்களையும் ஜிடிபி எடுத்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் செய்வதால் நிரல் மிகவும் மெதுவாகிவிடும். அதனால் சந்தேகம் உள்ள பகுதிக்குச் சற்று முன்னால் மட்டும் ரெகார்டைத் தொடங்குங்கள்.

15ஆம் வரியில் பிரேக்பாயின்ட் வைத்து கன்டின்யூ. நின்றுவிட்டது. டோட்டல் 80. சரி, அதன்மேல் ஒரு வாட்ச், அதாவது மதிப்பு மாறினால் நிறுத்தும் கண்காணிப்பு, போட்டுவிட்டு ரிவர்ஸ்-கன்டின்யூ.

நின்றது. 8ஆம் வரி. திரையைக் கவனமாகப் படியுங்கள். பழைய மதிப்பு 80, புதிய மதிப்பு 40. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். நேரத்தில் பின்னால் போகிறோம். ஜிடிபி சற்று முன் பார்த்தது 80, அதனால் அதைப் பழையது என்கிறது. இப்போது பார்ப்பது 40, அதனால் அதைப் புதியது என்கிறது. நிரல் உண்மையில் செய்தது 40ஐ 80 ஆக்கியதுதான். ஆக, பின்னோக்கிப் போகும்போது இந்த இரண்டு வரிகளையும் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

40ஐ 80 ஆக்குவது கூட்டல், சரிதான். ஆனால் 40 எங்கிருந்து வந்தது? அதற்கு முன் 60 இருந்திருக்க வேண்டுமே. இன்னொரு ரிவர்ஸ்-கன்டின்யூ. பழையது 40, புதியது 60. நிற்பது 7ஆம் வரி! டோட்டல் என்ற பெயரே 7ஆம் வரியில் இல்லை. அரேயில் எழுதும் வரி டோட்டலை மாற்றியிருக்கிறது. ஐ எவ்வளவு என்று கேட்கிறேன்: 4. இடங்களை 0இலிருந்து எண்ணுவதால், நான்கு இடம் உள்ள அரேயில் கடைசி இடம் 3. அதைத் தாண்டி எழுதியதால் பக்கத்தில் இருந்த டோட்டல் அழிந்துபோயிற்று. மறுபடி ஓட்டவே இல்லை, இரண்டே கட்டளைகளில் குற்றவாளி வரி கையில் கிடைத்துவிட்டது. இதை முதல் முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இனி நிற்கும் இடங்களைச் சோதிப்போம். வாட்சை நீக்கிவிட்டு, ஐ 3 ஆக இருக்கும் சுற்றில் 9ஆம் வரிக்கு வந்திருக்கிறேன். டோட்டல் 60. ரிவர்ஸ்-நெக்ஸ்ட். 8ஆம் வரி. இங்கே வரி எண்ணை மட்டும் பார்த்து டிக் போட்டுவிடாதீர்கள். 8இல் நிற்கிறது என்றால் 8 இன்னும் ஓடவில்லை என்று பொருள், அதனால் டோட்டல் 30க்குத் திரும்பியிருக்க வேண்டும். கேட்கிறேன்... 30. இன்னொரு ரிவர்ஸ்-நெக்ஸ்ட், 7ஆம் வரி. டேபிளில் 3 என்ற எண்ணுள்ள கடைசி இடம் மறுபடி 0 ஆகியிருக்க வேண்டும். ஆமாம், 0.

இப்போது ஃபங்ஷனின் முதல் வரியில் இருக்கிறோம். இங்கிருந்து ரிவர்ஸ்-நெக்ஸ்ட் கொடுத்தால்? அழைத்தவரிடம் போகிறது, மெயினில் 14ஆம் வரி, அழைப்பு நடப்பதற்கு முன். கடைசி வரியில் நெக்ஸ்ட் கொடுத்தால் அழைத்தவரிடம் திரும்புவோம் இல்லையா, அதன் மறுபக்கம் இது. ரிவர்ஸ்-ஸ்டெப் வேறு மாதிரி. அழைப்பு முடிந்து திரும்பிய இடத்தில் நின்று அதைக் கொடுத்தால், ஃபங்ஷனுக்குள் பின்வாசல் வழியாக நுழைந்து 9ஆம் வரியில் நிற்கும். ரிவர்ஸ்-ஃபினிஷ் கொடுத்தால், ஃபங்ஷனை அழைத்த ‘கால்’ என்ற எந்திரக் கட்டளையின் மேலேயே போய் நிற்கும். அது வரியின் தொடக்கம் இல்லை, ஐ-யை எடுத்து வைக்கும் கட்டளைகள் அதற்கு முன்பே ஓடிவிட்டன. அதனால் இந்த ஒன்றுக்கு மட்டும் வரி எண்ணை விட்டுவிட்டு, அடுத்து ஓட வேண்டிய எந்திரக் கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் பிசி ரெஜிஸ்டரைப் பாருங்கள்.

ஃபார் வரியில் ஒரு எச்சரிக்கை. ஒரே வரிக்கு எந்திரக் கட்டளைகள் தனித்தனித் துண்டுகளாக இருக்கும்: தொடக்கம் ஒன்று, ஐ-யைக் கூட்டுவது ஒன்று, ஒப்பிடுவது ஒன்று. அதனால் ஒரு ரிவர்ஸ்-ஸ்டெப் கொடுத்த பிறகும் அதே 13இல் நிற்கக்கூடும். பதறாதீர்கள், பிசி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை அடுத்து வருவது. போய்விட்டுத் திரும்பி வருவது. இங்கே பிசி, டோட்டல், டேபிள் மூன்றையும் குறித்துக்கொள்கிறேன். எல்லா பிரேக்பாயின்ட்களையும் முடக்குகிறேன், இல்லாவிட்டால் நடுவில் நின்று எண்ணிக்கை கெட்டுப்போகும். ரிவர்ஸ்-ஸ்டெப்ஐ 40, அதாவது 40 எந்திரக் கட்டளைகள் பின்னால். அப்புறம் ஸ்டெப்ஐ 40, அதே அளவு முன்னால். குறித்து வைத்த மூன்றும் அப்படியே இருக்கின்றனவா? இருக்கின்றன. பிசி மட்டும் பார்த்தால் போதாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு கட்டளை மாற்றிய நினைவகத்தைப் பதிவு தவறவிட்டிருந்தால் பிசி சரியாகவே திரும்பிவரும், மதிப்பு மட்டும் தவறாக இருக்கும். ஜிடிபியின் சொந்தச் சோதனைத் தொகுப்பிலேயே மெஷின்ஸ்டேட் என்று இதற்கென்று ஒரு கோப்பு இருக்கிறது.

அடுத்தது பதிவின் இரு முனைகள். ரிவர்ஸ்-கன்டின்யூ கொடுத்துக்கொண்டே போனால் ரெகார்ட் தொடங்கிய இடத்தில் நின்று, இனி வரலாறு இல்லை என்கிறது. முன்பக்கம் ஓட்டினால் பதிவு முடியும் இடத்திலும், நான் வைத்திருக்கும் பதிப்பில், அதே செய்திதான். எந்த முனையில் இருக்கிறோம் என்று அறிய இன்ஃபோ ரெகார்ட் கொடுங்கள். முதல் எண், இப்போதைய எண், கடைசி எண் எல்லாம் வரும். உச்ச வரம்பு 200000 என்பதும் தெரியும். அது நிறைந்தால் பழைய பதிவை அழிக்கலாமா என்று ஜிடிபி நிறுத்திக் கேட்கும். தானாக ஓடும் சோதனையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது, அதனால் வரம்பை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள்.

15ஆம் வரியில் ஏன் நிறுத்தினேன் என்று சிலர் கேட்பீர்கள். அங்கே அச்சிடுகிற பிரின்ட்எஃப் உள்ளே போனால், சி நூலகம் ஏவிஎக்ஸ் போன்ற சிறப்பு எந்திரக் கட்டளைகளைப் பயன்படுத்தக்கூடும். இந்தக் கட்டளையைப் பதிவு செய்ய முடியாது என்று ஜிடிபியின் பல பதிப்புகள் அங்கேயே நின்றுவிடும். எல்டி_பைண்ட்_நவ் என்ற சூழல் மாறிக்கு 1 கொடுத்து ஓட்டினால் இந்தச் சிக்கல் பல நேரம் விலகும். அதோடு, திரையில் அச்சாகிவிட்ட எழுத்தை எந்த ரிவர்ஸ் கட்டளையும் திரும்ப எடுக்காது. வெளியே போனது போனதுதான்.

இதையெல்லாம் ஸ்கிரிப்டாக எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் முதலில் எழுதியபோது 7, 8 என்று வரி எண்களையே போட்டேன். மேலே ஒரு வரி சேர்த்தவுடன் எல்லாச் சோதனையும் தோற்றது. ஜிடிபியின் தொகுப்பில் சி கோப்பிலேயே குறிப்புரையாக ஓர் அடையாள வாசகம் எழுதி, அந்த வாசகத்தைத் தேடி வரி எண்ணை எடுக்கிறார்கள். அதன் பிறகு நானும் அதையே பின்பற்றுகிறேன்.

பல திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகள்) உள்ள பெரிய நிரல் என்றால் ஆர்ஆர் என்ற கருவியைப் பாருங்கள், மொசில்லாவில் உருவானது. இதே ரிவர்ஸ் கட்டளைகள்தான், ஆனால் அது பின்னால் நடப்பதே இல்லை. சேமித்து வைத்த பழைய நிலைக்குப் போய், அங்கிருந்து முன்னால் ஓட்டி, கேட்ட இடத்தில் நிறுத்துகிறது. பதிவு செய்யும் வேகமும் மிக நன்றாக இருக்கும். அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

இப்போது 13ஆம் வரியில் ‘ஐ <= 4’ என்று இருந்ததில் சமக்குறியை எடுத்துவிட்டேன், இனி ஐ 3 வரைதான் போகும். கம்பைல் செய்து, ரெகார்ட், 15 வரை ஓட்டம், டோட்டல்மேல் வாட்ச். ரிவர்ஸ்-கன்டின்யூ: 60, 30. மறுபடி: 30, 10. மறுபடி: 10, 0. இன்னொன்று கொடுக்கிறேன், வரலாறு முடிந்தது என்கிறது. மூன்று முறை நின்றது, மூன்றும் 8ஆம் வரி.